நில ஆவணங்களில் பிழையும் திருத்தமும்: சோழர் ஓலை முதல் கணினிப் பட்டா வரை

ஓர் ஆவணத்தை ஓர் ஊடகத்திலிருந்து வேறோர் ஊடகத்திற்கு மாற்றும்போது பிழைகள் நேர்கின்றன. ஓலையிலிருந்து செப்பேட்டிற்கும், ஏட்டிலிருந்து காகிதத்திற்கும், காகிதத்திலிருந்து கணினிக்கும் எழுத்து மாறிய ஒவ்வொரு காலத்திலும் இது நடந்திருக்கிறது. காவிரிப் படுகையின் நில ஆவணங்கள் இம்மூன்று மாற்றங்களையும் கண்டவை. அவற்றில் பிழைகள் எவ்வாறு நுழைந்தன, அவற்றைக் கண்டறியவும் திருத்தவும் என்னென்ன முறைகள் கையாளப்பட்டன என்பதை இக்கட்டுரை கூறுகிறது. இன்றைய ஆவணச் சீராய்வு மென்பொருள்கள் பிழைகளைக் கையாளும் விதமும் இதனுடன் ஒப்பிட்டுக் காட்டப்படுகிறது.

பெயர் ஒன்று, ஊர் இரண்டு

தஞ்சாவூர் மாவட்டம் பூதலூர் வட்டத்தில், காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் இடத்தை அடுத்து அமைந்துள்ள ஊர் திருக்காட்டுப்பள்ளி. கல்லணைக்குக் கிழக்கே உள்ள இவ்வூர், நெல் விளையும் வயல்களால் சூழப்பட்டது. இங்குள்ள அக்கினீசுவரர் கோயில் தேவாரப் பாடல் பெற்ற தலம். இதே பெயரில் பாடல் பெற்ற தலம் இன்னொன்றும் உண்டு. அது மயிலாடுதுறை மாவட்டத்தில் திருவெண்காட்டிற்கு அருகில் இருக்கிறது. இரண்டையும் வேறுபடுத்த, தஞ்சைப் பகுதியில் உள்ளதை மேலைத் திருக்காட்டுப்பள்ளி என்றும், கடலோரப் பகுதியில் உள்ளதைக் கீழைத் திருக்காட்டுப்பள்ளி என்றும் வழங்கினர்.

ஆவணங்களைக் கையாள்வோர் முதலில் சந்திக்கும் சிக்கல் இதுவே. பெயரை மட்டும் வைத்து ஓர் ஊரையோ, ஒரு மனிதரையோ, ஒரு வயலையோ அடையாளம் காண முடியாது. மேலை, கீழை என்ற முன்னொட்டுகள் பழங்காலத்தார் கண்ட தீர்வு. மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், புல எண், உட்பிரிவு எண் என்ற வரிசை இக்காலத்தார் கண்ட தீர்வு. புல எண் 45 என்பது ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கலாம். கிராமத்தின் பெயரோடு சேரும்போதுதான் அது ஒரு குறிப்பிட்ட வயலைச் சுட்டுகிறது.

சோழர் கால ஒப்பு முறை

சோழர் காலத்தில் நில ஆணை ஒன்று பல கைகளைக் கடந்த பிறகே ஆவணமானது. இதனை விரிவாகக் காட்டுவது ஆனைமங்கலச் செப்பேடு. நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டதால் இது பெரிய லெய்டன் செப்பேடு என்றும் அழைக்கப்படுகிறது. முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஆம் ஆண்டை ஒட்டி, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை வழங்கினான். அந்நிலம் 97 வேலிக்குச் சற்று மேற்பட்டது.

அரசன் வாய்மொழியாகக் கூறியதைத் திருமந்திர ஓலை எழுதுபவர் எழுதினார். ஓலை நாயகம் எனப்பட்ட மேலதிகாரி அதனைச் சரிபார்த்து ஒப்பமிட்டார். பின்னர் புரவுவரித் திணைக்களத்தைச் சேர்ந்த அலுவலர்கள் கூடி, வரிப்பொத்தகம் என்ற பதிவேட்டில் அதனைச் சேர்த்தனர். இதற்கு வரியிலிடுதல் என்று பெயர். ஆணை ஊருக்குச் சென்றதும் நாட்டார் பெண் யானையை எல்லை நெடுகச் சுற்றிவரச் செய்து, கல்லும் கள்ளியும் நட்டு எல்லையை உறுதி செய்தனர். ஒவ்வொரு படியிலும் பங்கேற்ற அலுவலர்களின் பெயர்கள் ஆவணத்திலேயே எழுதப்பட்டன.

எழுதியவர் ஒருவர், ஒப்பிட்டவர் வேறொருவர், பதிவேட்டில் ஏற்றியவர் மூன்றாமவர் என்ற இப்பிரிவினை கவனிக்கத்தக்கது. ஒருவர் கண்ணுக்குத் தப்பியது அடுத்தவர் கண்ணுக்குப் படும். பின்னாளில் ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும். ஓலையில் எழுதியது வயலோடு பொருந்துகிறதா என்பதைக் கடைசிப் படியில் ஊரார் எல்லையை நடந்து பார்த்து உறுதி செய்தனர்.

அளவிலும் நுட்பம் இருந்தது. 20 மா கொண்டது ஒரு வேலி. வேலியில் 80-இல் ஒரு பங்கு காணி, 320-இல் ஒரு பங்கு முந்திரி. இன்றைய தஞ்சை வழக்கில் ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, ஒரு மா 33 சென்ட். இக்கணக்கில் ஒரு முந்திரி 900 சதுர அடி ஆகும். சோழர் கல்வெட்டுகளில் முந்திரிக்கும் கீழான பின்னங்கள் வருகின்றன. மேலும் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகிய இறையிலி நிலங்கள் தனியே கழிக்கப்பட்டு, எஞ்சிய நிலத்திற்கே வரி கணக்கிடப்பட்டது.

ஏட்டில் எழுந்த மயக்கங்கள்

ஓலையில் எழுத்தாணியால் எழுதும்போது புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்பதால் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எனவே எகரம் எது, ஏகாரம் எது, ஒகரம் எது, ஓகாரம் எது என்பதைப் படிப்பவரே இடம் நோக்கி அறிய வேண்டியிருந்தது. கொள்ளிடத்திற்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றிய வீரமாமுனிவர் (1680–1747) இவற்றை வேறுபடுத்தும் எழுத்துச் சீர்திருத்தத்தைச் செய்தவராகப் போற்றப்படுகிறார்.

எண்களில் மயக்கம் இன்னும் மிகுதி. தமிழ் எண்கள் எழுத்துகளை ஒத்தவை. ௧ என்ற ஒன்று ககரத்தையும், ௨ என்ற இரண்டு உகரத்தையும், ௭ என்ற ஏழு எகரத்தையும், ௮ என்ற எட்டு அகரத்தையும் ஒத்திருக்கும். விரைந்தெழுதிய பழைய கணக்கேட்டில் ‘உ’ என்பது பெயரின் முதலெழுத்தா, இரண்டு என்ற எண்ணா என்பதை அந்த வரி முழுவதையும் படித்தால்தான் சொல்ல முடியும். மராட்டியர் ஆட்சிக்காலத்தில் தஞ்சை அரண்மனைக் கணக்குகள் மோடி எழுத்தில் எழுதப்பட்டன. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தோர் இன்று மிகச் சிலரே. ஆவணம் அழியாமல் இருந்தும் படிக்க ஆளில்லாத நிலை இது.

இத்தகைய மயக்கங்களை நேர்மையாகக் கையாளும் முறையைப் பதிப்பாசிரியர்கள் உருவாக்கினர். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தில் பிறந்த உ. வே. சாமிநாதையர் (1855–1942) பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கி, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஏடுகள் வேறுபட்ட இடத்தில் தாம் தேர்ந்த பாடத்தை நூலில் வைத்து, மற்றவற்றைப் பாடபேதமாகக் குறிப்பது இப்பதிப்பு முறையின் இயல்பு. தேர்வு தவறாக இருப்பின் பின்வருவோர் திருத்திக்கொள்ள இது வழிவிடுகிறது.

கிராமக் கணக்கும் சமாபந்தியும்

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலங்கள் சங்கிலியால் அளக்கப்பட்டு, புல எண்கள் இடப்பட்டு, எல்லைக் கற்கள் நடப்பட்டன. 66 அடி நீளமுள்ள சங்கிலி 100 கண்ணிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு புலத்திற்கும் வரைபடம் வரையப்பட்டது. இதுவே புலப்படம். கிராமத்தின் எல்லா நிலங்களையும் புல எண் வரிசையில் காட்டுவது ‘அ’ பதிவேடு. ஒவ்வொருவருக்கும் உரிய நிலங்களைத் தொகுத்துக் காட்டுவது சிட்டா. எந்த நிலத்தில் என்ன பயிர், யார் சாகுபடி என்பதைப் பருவந்தோறும் காட்டுவது அடங்கல்.

ஒரே நிலம் இவ்வாறு பல கணக்குகளில் பல கோணங்களில் இடம்பெறுவது வீண்வேலை அன்று. ‘அ’ பதிவேட்டிலுள்ள பட்டா நிலங்களின் மொத்தப் பரப்பும் சிட்டாக்களின் மொத்தப் பரப்பும் ஒன்றாக வரவேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். சமாபந்தி எனப்படும் வருவாய்த் தீர்வாயம் இதற்கான ஆண்டுத் தணிக்கை. சூலை 1-இல் தொடங்கும் பசலி ஆண்டு முடிவதற்கு முன், கிராமக் கணக்குகள் வட்ட அலுவலகத்திற்குக் கொண்டுவரப்பட்டு அதிகாரி முன்னிலையில் சரிபார்க்கப்படும். பொதுமக்களும் அங்கே மனுக் கொடுக்கலாம். இம்முறை இன்றும் தொடர்கிறது.

இக்கணக்குகளை எழுதியவர் கிராமக் கணக்குப்பிள்ளை. பதவி பெரும்பாலும் பரம்பரையாக வந்ததால், எந்த வயல் யாருடையது, எந்தப் பங்கு எப்போது பிரிந்தது என்பவை அவர் நினைவில் இருந்தன. அந்நினைவு சில வேளைகளில் ஏட்டின் குறையை நிரப்பியது. வேறு சில வேளைகளில் எழுத்தறியாதவர்களுக்கு எதிராகப் பயன்பட்டது. 1980 நவம்பர் 14 அன்று தமிழக அரசு அவசரச் சட்டத்தின் வழி பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர் பதவியை ஏற்படுத்தியது. பரம்பரை அதிகாரம் முடிவுக்கு வந்தது. அதே வேளையில், ஏட்டில் எழுதப்படாமல் நினைவில் மட்டும் இருந்த செய்திகளும் மறையத் தொடங்கின.

நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்

மக்கள் வழக்கில் யு.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979 சூன் 1 முதல் 1987 ஏப்ரல் 30 வரை தமிழகத்தில் நடைபெற்றது. பட்டாதாரர் இறந்து வாரிசுகள் அனுபவிக்கும் நிலங்கள், விற்பனையாகியும் பழைய பெயரிலேயே இருந்த நிலங்கள் ஆகியவற்றை நடப்பு நிலைக்கேற்பப் பதிவு செய்வது இதன் நோக்கம். ஏக்கர், சென்ட் அளவுகள் எக்டேர், ஏர் அளவுகளாக மாற்றப்பட்டன.

பல இலட்சம் பதிவுகள் சில ஆண்டுகளில் மாற்றி எழுதப்பட்டபோது பிழைகளும் ஏறின. அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது பெயர்ப் பிழை. உரிமையாளர் பெயருக்குப் பதில் வேறொருவர் பெயர், தந்தை பெயர் மாற்றம், ரகர றகர மயக்கம், தலைப்பெழுத்து விடுபடுதல் ஆகியன இவ்வகை. இரண்டாவது உட்பிரிவுப் பிழை. பிரிந்து அனுபவிக்கப்படும் பங்குகள் பிரிக்கப்படாமல் கூட்டுப் பட்டாவாக நின்றுவிடும். மூன்றாவது பரப்புப் பிழை. ஒரு மா நிலம் ஏறத்தாழ 13.38 ஏர். அதனை 13 ஏர் என்று எழுதினால் சுமார் 400 சதுர அடி ஏட்டிலிருந்து மறைந்துவிடும். நான்காவது வகைப்பாட்டுப் பிழை. பட்டா நிலம் புறம்போக்கு என்றோ, நஞ்சை புஞ்சை என்றோ எழுதப்படுவது இது.

இப்பிழைகளைத் திருத்தும் அதிகாரம் மாவட்ட வருவாய் அலுவலருக்கு அளிக்கப்பட்டது. மனுதாரர் பழைய பட்டா, கிரயப் பத்திரம், திட்டத்திற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். திட்டம் முடிந்து பல பத்தாண்டுகள் ஆன பின்பும் இம்மனுக்கள் வந்துகொண்டிருக்கின்றன. காரணம் எளியது. நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, பாகம் பிரிக்கவோ முற்படும்வரை பலர் தம் பட்டாவை உற்றுப் பார்ப்பதில்லை. பழைய பதிவேடுகள் அழிக்கப்படாமல் காக்கப்பட்டதாலேயே திருத்தம் இன்றும் இயலுகிறது.

கணினிக்குச் சென்ற பதிவேடுகள்

நடுவண் அரசின் நில ஆவணக் கணினிமயத் திட்டம் 1988–89-இல் தொடங்கியது. 2008-இல் அது தேசிய நில ஆவண நவீனமயத் திட்டமாக விரிந்தது. கர்நாடகத்தில் பூமி திட்டத்தின் கீழ் பதிவுகள் கணினியில் ஏறிய பின், கையால் எழுதிய சான்றுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. தமிழகத்தில் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ‘தமிழ் நிலம்’ என்ற மென்பொருளில் ‘அ’ பதிவேடும் சிட்டாவும் ஏற்றப்பட்டன. புலப்படங்கள் ‘கொலாப்லேண்ட்’ என்ற மென்பொருளின் வழி கணினி வரைபடங்களாயின. இன்று மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்து எவரும் இணையத்தில் பட்டா விவரத்தைப் பார்க்கலாம்.

கணினியில் ஏற்றப்பட்டவை பெரும்பாலும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உருவான பதிவேடுகளே. எனவே அங்கிருந்த பிழைகள் அப்படியே கணினிக்கு வந்தன. தட்டச்சுப் பிழைகளும் அவற்றோடு சேர்ந்தன.

தமிழ் எழுத்துக் குறியீட்டுச் சிக்கலும் உண்டு. தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் எழுதியதை வேறொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியீடுகள் தரப்படுத்தப்பட்டன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. பழைய குறியீடுகள் சிலவற்றில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன் சேமிக்கப்பட்டது. யூனிகோடில் அது எழுத்துக்குப் பின் சேமிக்கப்படுகிறது. மாற்றும் நிரலில் சிறு குறை இருந்தாலும் கொம்பு பக்கத்து எழுத்துக்குத் தாவிவிடும். ‘கௌ’ என்பதை ஒற்றைக்கொம்பு, ககரம், ளகரம் என்று தட்டச்சு செய்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் கௌரி என்று தேடும்போது அப்பதிவு கிடைக்காது.

ஆவணச் சீராய்வு மென்பொருள்களின் முறை

நீதிமன்ற வழக்குகளிலும் தணிக்கையிலும் இலட்சக்கணக்கான கோப்புகளைப் பரிசீலிக்க ஆவணச் சீராய்வு மென்பொருள்கள் பயன்படுகின்றன. 2006 திசம்பரில் அமெரிக்க உரிமையியல் நடைமுறை விதிகள் திருத்தப்பட்டு, மின்னணுக் கோப்புகள் வழக்கு ஆவணங்களாக வெளிப்படையாகச் சேர்க்கப்பட்ட பின் இத்துறை வேகமாக வளர்ந்தது.

இம்மென்பொருளில் ஏறும் ஒவ்வொரு கோப்பிற்கும் முதலில் ஓர் எண் இடப்படும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கைரேகை போன்ற ஒரு குறியெண்ணும் கணக்கிடப்படும். இரு கோப்புகளின் குறியெண் ஒன்றாயின் அவை ஒரே நகல் என்று கொள்ளலாம். ஓர் எழுத்து மாறினாலும் குறியெண் மாறிவிடும். அடுத்து, கோப்பிலுள்ள எழுத்துகள் பிரித்தெடுக்கப்படும். படமாக உள்ள பக்கங்கள் எழுத்துணரியின் வழி எழுத்தாக்கப்படும்.

இப்படியில் எல்லாக் கோப்புகளும் தேறுவதில்லை. கடவுச்சொல் இட்டவை, சிதைந்தவை, உள்ளே எதுவுமற்றவை, அறியாத வடிவில் உள்ளவை, எழுத்தே கிடைக்காத படங்கள் ஆகியன தவறும். நல்ல நடைமுறையில் இவை தூக்கி எறியப்படுவதில்லை. தவறிய கோப்புகளின் பட்டியல் தனியே தயாரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் காரணம் எழுதப்படும். கடவுச்சொல் கிடைத்தால் மீண்டும் செயலாக்கப்படும். சிதைந்திருந்தால் மூலத்திலிருந்து புதிய நகல் பெறப்படும். எதுவும் இயலாவிட்டால், இயலவில்லை என்பதே பதிவு செய்யப்படும். பெற்ற கோப்புகளின் எண்ணிக்கை, தேறியவை, கழித்த நகல்கள், தவறியவை ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். மூலக்கோப்பில் எவரும் கைவைக்கக் கூடாது. ‘அ’ பதிவேட்டையும் சிட்டாவையும் கூட்டிப் பார்க்கும் சமாபந்தியும், பாடபேதத்தை விடாமல் குறித்த பதிப்பு முறையும் இதே அடிப்படையில் அமைந்தவைதாம்.

தெரியும் பிழை, தெரியாப் பிழை

மென்பொருள் பட்டியலிடுவது தனக்குத் தெரிந்த பிழைகளை மட்டுமே. திறக்காத கோப்பு பிழையாகத் தெரியும். திறந்து, தவறாகப் படிக்கப்பட்ட கோப்பு தேறியதாகவே கணக்கில் வரும்.

இதற்குப் புகழ்பெற்ற சான்று 2013-இல் வெளிப்பட்டது. டேவிட் கிரீசல் என்ற செருமானியக் கணினி அறிஞர், சில சீராக்ஸ் வருடிப் பொறிகள் கட்டட வரைபடங்களிலுள்ள எண்களை மாற்றிவிடுவதைக் கண்டறிந்தார். கோப்பின் அளவைச் சுருக்குவதற்காக, ஒத்த தோற்றமுள்ள எழுத்துகளை ஒன்றாகக் கருதி ஒரே படத்தைப் பல இடங்களில் பதித்ததால் 6 என்பது 8 ஆகியிருந்தது. பக்கம் தெளிவாக இருந்தது, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அறையின் பரப்பு வரைபடத்தோடு பொருந்தவில்லை என்று ஒரு மனிதர் கவனித்ததால்தான் பிழை வெளிவந்தது. நிறுவனம் பின்னர் திருத்த நிரலை வெளியிட்டது.

நில ஆவணத்திலும் இதே நிலைதான். புல எண் இல்லாத பதிவைக் கணினி ஏற்க மறுக்கும். ஆனால் கோவிந்தராசு என்ற பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோவிந்தசாமி என்றிருந்தால் ஏற்றுக்கொள்ளும். அந்த வயலை உழுபவருக்கு மட்டுமே அது பிழை என்று தெரியும்.

அதன் விளைவையும் அவரே சுமக்கிறார். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் பெறவும், பயிர்க் காப்பீடு செய்யவும் சிட்டாவும் அடங்கலும் கேட்கப்படுகின்றன. 2019 முதல் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பி.எம். கிசான் திட்டத்திலும் நில ஆவணம் சரிபார்க்கப்படுகிறது. ஆதாரில் ஒரு பெயரும் பட்டாவில் ஒரு பெயருமாக இருந்தால் அலைச்சல் தொடங்கும். அறுத்த நெல் களத்தில் மழைக்கு அஞ்சிக் கிடக்கும்போது, ஒரு தலைப்பெழுத்துக்காக வட்ட அலுவலகம் செல்வது சிறு துன்பம் அன்று.

பிழையே இல்லாத ஆவணத்திலும் ஒருவர் விடுபட்டுப் போகலாம். காவிரிப் படுகையில் கோயில், மடம், தனியார் நிலங்களைக் குத்தகைக்குச் சாகுபடி செய்வோர் பலர். அவர்கள் பெயர் பட்டாவில் வராது. இதற்காகவே 1969-இல் தமிழ்நாடு வேளாண் நிலக் குத்தகை உரிமைகள் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. அப்பதிவிலும் அடங்கலிலும் பெயர் இல்லாத குத்தகைதாரர், பட்டா எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், ஆவணத்தின் கண்ணுக்குப் புலப்படாதவரே.

பிழை குறைக்கும் வழிகள்

மேற்கூறிய வரலாற்றிலிருந்து சில நெறிகள் தெளிவாகின்றன. எழுதுபவரும் ஒப்பிடுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும். திருத்தம் செய்தவர் யார், என்று, எந்த ஆதாரத்தின்படி என்பது பதிவாக வேண்டும். பழைய பதிவை அழிக்காமல் புதியதை அதன்மேல் சேர்க்க வேண்டும். கணினியில் ஏறிய பின்பும் மூலப் பதிவேடுகள் காக்கப்பட வேண்டும்.

இவற்றைக் கணினியும் அலுவலரும் செய்ய இயலும். தெரியாப் பிழையைக் காண, ஆவணம் அதற்குரியவர் கண்ணில் பட வேண்டும். இணையத்தில் பட்டா பார்க்கும் வசதி அதற்கு வழிதிறந்திருக்கிறது. வீட்டிலுள்ள பழைய பட்டா, பத்திரம் ஆகியவற்றோடு கணினிப் பட்டாவிலுள்ள பெயர், தந்தை பெயர், புல எண், பரப்பு, வகைப்பாடு ஆகிய ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை. இணையம் பயன்படுத்தத் தெரிந்த மாணவர்கள் தம் வீட்டுப் பெரியவர்களோடு அமர்ந்து இதனைச் செய்யலாம். வேறுபாடு இருப்பின், அதனை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே வட்டாட்சியரிடமோ சமாபந்தியிலோ மனுக் கொடுப்பது நல்லது. ஆண்டுகள் செல்லச் செல்ல, அந்த வயலின் எல்லையை நடந்து காட்டக் கூடியவர்கள் குறைந்துகொண்டே போவார்கள்.